புதுப்பிப்பதாகச் சொன்ன ஒப்பந்தத்தைத் திரும்பப் பெற்றுவிட்டார்களா? சுயாதீன ஒப்பந்தப் பணியாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தியாவில் தனிநபராக, சொந்த பான் எண்ணில் இன்வாய்ஸ் அனுப்பி நிறுவனங்களுக்கு வேலை செய்பவர்களுக்காக எழுதியது இது: மென்பொருள் எழுதுபவர்கள், வடிவமைப்பாளர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், பயிற்சி வகுப்பு நடத்துபவர்கள், என்னைப்போலத் தொழில்நுட்பக் கையேடுகள் எழுதுபவர்கள். ஏதேனும் ஓர் ஏஜென்சியின் சம்பளப் பட்டியலில் இருந்துகொண்டு இன்னொரு நிறுவனத்துக்கு அனுப்பப்படுபவர்கள் அந்த ஏஜென்சியின் ஊழியர்கள். அவர்கள் கதை வேறு. நான் வழக்கறிஞர் அல்ல, பல ஆண்டுகளாகச் சென்னையில் ஒப்பந்த வேலையில் இருப்பவன். தொகை பெரிதென்றால் வழக்கறிஞரைப் பாருங்கள். சிறிதென்றால் அவருக்குக் கொடுக்கும் கட்டணமே வரவேண்டிய பணத்தைத் தின்றுவிடும்.

புதுப்பிக்கிறோம் என்று மின்னஞ்சல் வந்தது. ஒரு வாரத்தில் "இல்லை" என்கிறார்கள். இப்படிச் செய்ய அவர்களுக்கு உரிமை உண்டா?

அவர்கள் "இல்லை" என்பதற்கு முன் நீங்கள் "சம்மதம்" என்று சொல்லிவிட்டீர்களா? எல்லாம் அதைப் பொறுத்தது.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம்தான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு முன்மொழிவை, அதற்கான ஏற்பு முழுமையடையும் வரை, முன்மொழிந்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்கிறது அதன் 5-ஆம் பிரிவு. சட்டத்திலேயே ஓர் உதாரணமும் இருக்கிறது. ஒருவர் தன் வீட்டை விற்பதாக இன்னொருவருக்குத் தபாலில் எழுதுகிறார். வாங்குபவர் தன் சம்மதக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கும் கணம் வரை விற்பவர் மனம் மாறலாம். சேர்த்த பிறகு முடியாது.

நம் நிலைமைக்கு வருவோம். மார்ச் 10 அன்று, "ஏப்ரல் 1 முதல் ஓராண்டுக்கு இதே கட்டணத்தில் புதுப்பிக்கிறோம்" என்று மின்னஞ்சல் வருகிறது. அன்றே "ஏற்றுக்கொள்கிறேன்" என்று பதில் அனுப்பியிருந்தால், 17-ஆம் தேதி அவர்கள் பின்வாங்குவது ஒப்பந்த மீறல். "பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று அனுப்பியிருந்தால் அவர்கள் தாராளமாகப் பின்வாங்கலாம். "கட்டணத்தைப் பத்து சதவீதம் உயர்த்தினால் சம்மதம்" என்று எழுதியிருந்தால் இன்னும் சங்கடம். ஏற்பு நிபந்தனையற்றதாக இருக்க வேண்டும் என்பது 7-ஆம் பிரிவு. நிபந்தனை போட்ட பதில் உங்களுடைய புது முன்மொழிவாகிவிடுகிறது, அவர்களுடையது அத்துடன் விழுந்துவிடுகிறது. பேரம் பேச வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பேசும்போது கையில் எதுவும் இல்லை என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பலர் அறியாத ஒன்று: "வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்" என்று அவகாசம் கொடுத்திருந்தாலும் புதன்கிழமையே திரும்பப் பெற அவர்களால் முடியும். அந்த அவகாசத்துக்காக நீங்கள் ஏதேனும் கைமாறு கொடுத்திருந்தால்தான் அது அவர்களைக் கட்டுப்படுத்தும்.

அஞ்சலில் "நிர்வாக ஒப்புதலுக்கு உட்பட்டு" என்று ஒரு வரி இருந்தது. அது முக்கியமா?

மிக முக்கியம். "ஒப்புதலுக்கு உட்பட்டு", "பட்ஜெட் உறுதியானதும்", "உத்தேசித்துள்ளோம்" போன்ற சொற்கள் இருந்தால் அது பெரும்பாலும் விருப்பக் கடிதம் மட்டுமே. விருப்பக் கடிதம் பின்னால் ஒப்பந்தம் செய்யும் எண்ணத்தைக் காட்டுவதே தவிர, பொதுவாக யாரையும் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் டிரெசர் ரேண்ட் வழக்கில் சொன்னது. நம் மேலாளர்கள் இந்த வரியைப் பழக்கத்தில் சேர்த்துவிடுகிறார்கள், நாமும் பழக்கத்தில் கண்டுகொள்வதில்லை. அடுத்த முறை அதைப் பார்த்தால், "ஒப்புதல் கிடைத்ததும் ஒரு வரி எழுதி உறுதிசெய்யுங்கள், அதுவரை ஏப்ரல் மாதத்தை உங்களுக்காக ஒதுக்கிவைக்க இயலாது" என்று பதில் போடுங்கள். நிஜமாகவே வேண்டுமென்றால் ஒப்புதல் சீக்கிரம் வந்துவிடும்.

கையெழுத்தான ஆவணம் இல்லை, பர்ச்சேஸ் ஆர்டரும் வரவில்லை. அஞ்சல்கள் மட்டும்தான் இருக்கின்றன. அது ஒப்பந்தமாகுமா?

ஆகலாம். மின்னணு வடிவில் ஏற்பட்டது என்ற காரணத்துக்காக மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. 2010-இல் டிரைமெக்ஸ் நிறுவனத்துக்கும் வேதாந்தா அலுமினியத்துக்கும் இடையிலான வழக்கில், பாக்சைட் கப்பல் சரக்கு பற்றிய மின்னஞ்சல் பரிமாற்றமே ஒப்பந்தம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. முறையான ஆவணம் பிறகு தயாராவதாக இருந்தும் அது தடையாகவில்லை. முக்கிய நிபந்தனைகள் எல்லாம் அஞ்சல்களிலேயே முடிவாகியிருக்க வேண்டும். நம் தொழிலில் அவை என்ன வேலை, எவ்வளவு கட்டணம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பவை. மூன்றில் ஒன்று தொங்கலில் இருந்தாலும் வாதம் பலவீனம்.

பழைய ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள். "இரு தரப்பும் கையெழுத்திட்டால் மட்டுமே நீட்டிப்பு செல்லும்" என்று ஒரு விதி இருந்தால் அஞ்சலை நம்பி ரொம்ப தூரம் போக முடியாது.

தொலைபேசியில் மேலாளர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அது?

வாய்மொழி ஒப்பந்தமும் சட்டப்படி செல்லும், நிரூபிப்பதுதான் பாடு. பேசி முடித்த அன்றே "இன்று மாலை பேசியபடி…" என்று ஓர் அஞ்சல் போட்டு வைத்திருந்தால் அது பெரிய துணை. போடவில்லையென்றால், இந்த அழைப்பை நம்பி வழக்குப் போட வேண்டாம்.

நான் ஏற்றுக்கொண்டு பதில் போட்டுவிட்டேன். அப்படியானால் ஓராண்டுக் கட்டணம் முழுவதும் கேட்கலாமா?

மனக்கோட்டை இடியும் இடம் இது. ஒப்பந்தத்தில் முடிவுக்குக் கொண்டுவரும் விதி என்ன சொல்கிறது என்று பாருங்கள். "எந்தத் தரப்பும் 30 நாள் நோட்டீஸ் கொடுத்து, காரணம் சொல்லாமல் முடித்துக்கொள்ளலாம்" என்று ஒரு வரி நம் ஒப்பந்தங்கள் பெரும்பாலானவற்றில் உண்டு. புதுப்பிப்பு முழுமையாக உறுதியாகியிருந்தாலும், முதல் நாளே 30 நாள் நோட்டீஸ் கொடுத்து முறைப்படி அனுப்பிவிட அவர்களால் முடியும். ஆகவே உங்கள் நஷ்டம் பெரும்பாலும் அந்த 30 நாள் கட்டணம் மட்டுமே. பன்னிரண்டு மாதம் என்று நினைத்துக்கொண்டிருந்தது ஒரு மாதமாகச் சுருங்கிவிடும்.

நீதிமன்றம் அவர்களை வற்புறுத்தி உங்களை வேலையில் வைக்கவும் செய்யாது. இயல்பிலேயே முடித்துக்கொள்ளக்கூடிய ஒப்பந்தங்களையும், ஒருவரது தனிப்பட்ட திறமையைச் சார்ந்த ஒப்பந்தங்களையும் கட்டாயப்படுத்தி நிறைவேற்ற முடியாது என்பது 1963-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், 14-ஆம் பிரிவு. நம் ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டிலும் சேரும்.

நோட்டீஸ் விதியே இல்லாத, காலம் குறிப்பிட்ட ஒப்பந்தமாக இருந்தால் கணக்கு மாறும். அப்போது வழக்கறிஞருக்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது.

இதை நம்பி வேறு வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்கு நஷ்டஈடு உண்டா?

ஒப்பந்தம் உருவாகியிருந்தால் ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவின்கீழ் இழப்பீடு கேட்கலாம். மீறலிலிருந்து இயல்பாக எழும் இழப்பு மட்டுமே கணக்கில் வரும், தொலைவான இழப்பு வராது. அதே பிரிவின் விளக்கம் இன்னொன்றும் சொல்கிறது: இழப்பைக் குறைக்க உங்களுக்கு இருந்த வழிகளும் கணக்கில் எடுக்கப்படும். மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்துவிட்டு மூன்று மாதக் கட்டணமும் கேட்டால் எடுபடாது. வேண்டாமென்ற அந்த இன்னொரு நிறுவனத்துக்கு உடனே எழுதிக் கேளுங்கள். இடம் இன்னும் காலியாக இருந்தால் உங்கள் பிரச்சினையே தீர்ந்தது. இல்லையென்று பதில் வந்தால் அது சான்றாக நிற்கும்.

ஒப்பந்தமே உருவாகவில்லை, வாக்குறுதி மட்டும்தான் என்றால் தனியார் நிறுவனத்திடம் அதை வைத்துப் பணம் பெறுவது கடினம்.

ஒப்பந்தம் மார்ச் 31-உடன் முடிந்தது. புதுப்பிப்பு வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். ஏப்ரலில் இரண்டு வாரம் வேலையும் செய்தேன். இப்போது புதுப்பிப்பும் இல்லை, அந்த நாட்களுக்குப் பணமும் இல்லை என்கிறார்கள்.

பணம் உண்டு. இதில் தயங்க வேண்டாம். ஒருவர் இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் சட்டப்படி ஒரு வேலையைச் செய்து, மற்றவர் அதன் பலனை அனுபவித்தால், அனுபவித்தவர் ஈடு கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு சொல்கிறது. இதற்கான புகழ்பெற்ற வழக்கு வங்காளத்திலிருந்து வந்தது. 1940-களில் அரசின் சிவில் சப்ளைஸ் துறைக்காக பி.கே. மண்டல் என்ற ஒப்பந்த நிறுவனம் ஆரம்பாக் என்ற இடத்தில் அலுவலகம், சமையலறை, காவலர் அறை, மண் சாலை எல்லாம் போட்டுக் கொடுத்தது. முறையான ஒப்பந்தம் இல்லை என்று அரசு கையை விரித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், ஒப்பந்தம் செல்லாவிட்டாலும் பயன்படுத்தியதற்குப் பணம் கொடுத்தாக வேண்டும் என்று முடிந்தது.

உங்கள் வழக்கில் கட்டடத்துக்குப் பதில் கோப்புகள் இருக்கின்றன. ஏப்ரல் மாதம் நீங்கள் அனுப்பிய வரைவு, அதற்கு மேலாளர் போட்ட திருத்தக் குறிப்பு, கூட்ட அழைப்பு, "நன்றாக இருக்கிறது, பக்கம் 14-ஐ மாற்றுங்கள்" என்ற குறுஞ்செய்தி. பக்கம் 14 பற்றிய அந்த ஒரு வரி, நீங்கள் வேலை செய்ததையும் அவர்கள் அதை வாங்கிப் பயன்படுத்தியதையும் சேர்த்தே நிரூபிக்கிறது. பழைய ஒப்பந்தத்தின் நாள் கட்டணத்தில் இன்வாய்ஸ் போடுங்கள். "பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) இல்லாமல் பில் எடுக்க மாட்டோம்" என்று கொள்முதல் பிரிவு சொல்லும். அது அவர்களது உள்விதி, உங்கள் உரிமையை அது அழிக்காது.

பின்வாங்கும் அஞ்சல் இப்போதுதான் வந்தது. முதலில் என்ன செய்வது?

அன்றைக்குப் பதில் போடாதீர்கள். கோபத்தில் எழுதிய அஞ்சல் அந்த நிறுவனத்தில் பத்துப் பேருக்குப் போய்ச் சேரும், அதில் இருவர் நாளை வேறு நிறுவனத்தில் உங்களை எடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

லாகின் எப்போது வேண்டுமானாலும் மூடப்படலாம். உங்கள் இன்வாய்ஸ்கள், நேரக் கணக்குத் தாள்கள், ஒப்பந்தம், புதுப்பிப்பு பற்றிய அஞ்சல்கள், வேலையை ஏற்றுக்கொண்டதாகச் சொன்ன அஞ்சல்கள் ஆகியவற்றின் பிரதி உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். அவர்களது மூலநிரல், வாடிக்கையாளர் பட்டியல், உள் ஆவணங்கள் எதையும் சொந்த அஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள். ரகசியக் காப்பு விதியை நீங்கள் மீறினால், பணம் கேட்க வேண்டியவர் பதில் சொல்ல வேண்டியவராகிவிடுவீர்கள்.

மறுநாள் மேலாளரைத் தொலைபேசியில் அழையுங்கள். முடிவு அவருடையதாக இருக்காது. மேலிடத்தில் செலவைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள், அவருக்கும் சங்கடமாக இருக்கும். அந்தச் சங்கடம் உங்களுக்கு உதவும். முழு ஓராண்டு முடியாவிட்டாலும் பணியை ஒப்படைக்க ஒரு மாதம் நீட்டிக்க முடியுமா, நிலுவை பில்களை இந்த வாரமே அனுப்பிவைக்க முடியுமா, வேறு குழுவில் தேவை இருக்கிறதா என்று கேளுங்கள். இந்தப் பேச்சில் கிடைக்கும் ஒரு மாத நீட்டிப்பு, வக்கீல் நோட்டீஸ் வழியாகக் கிடைப்பதைவிடப் பெரும்பாலும் அதிகம்.

அதன் பிறகுதான் எழுத்து. எந்த மொழியில் எழுதினாலும் சாரம் இப்படி இருக்கட்டும்:

"மார்ச் 10 அன்று தாங்கள் அனுப்பிய அஞ்சலில் ஒப்பந்தத்தை ஏப்ரல் 1 முதல் ஓராண்டுக்குப் புதுப்பிப்பதாகத் தெரிவித்தீர்கள். அன்றே அதை ஏற்றுக்கொண்டு பதில் அனுப்பினேன். அதை நம்பி வேறொரு பணியை மறுத்தேன். மார்ச் 17 அன்று புதுப்பிப்பைத் திரும்பப் பெறுவதாகத் தெரிவித்துள்ளீர்கள். ஒப்பந்தத்தின் நோட்டீஸ் விதிப்படி 30 நாள் கட்டணத்தையும், இணைப்பில் உள்ள நிலுவை இன்வாய்ஸ்களையும் மார்ச் 31-க்குள் செலுத்தக் கேட்டுக்கொள்கிறேன். பணிகளை ஒப்படைக்க என் முழு ஒத்துழைப்பும் உண்டு."

துரோகம், நம்பிக்கை போன்ற சொற்கள் இதில் இல்லை. தேதிகளும் தொகையும் போதும்.

புதுப்பிப்பு போனது போகட்டும். பழைய பில்களையே இழுத்தடிக்கிறார்கள். என்ன வழி?

இந்தக் கேள்விக்குத்தான் உங்கள் சக்தியில் பெரும்பகுதியைச் செலவிட வேண்டும். புதுப்பிப்பில் கிடைப்பது சந்தேகம், செய்த வேலைக்குப் பணம் நிச்சயமான உரிமை.

குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், 2006 தனிநபராகச் சேவை தருபவருக்கும் பொருந்தும். இதற்கான மத்திய அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இலவசம், ஆதாரும் பானும் போதும். பணம் வாங்கிக்கொண்டு பதிவு செய்து தருவதாகச் சொல்லும் தளங்களில் ஏமாறாதீர்கள். வேலை தொடங்கும் முன்பே பதிவு செய்வது அவசியம். பின்னால் பதிந்து பழைய பில்லுக்குப் பலன் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021, 2022-ஆம் ஆண்டுத் தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது.

பதிவு இருந்தால், எழுத்தில் கெடு ஒப்புக்கொண்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள், அதுவும் 45 நாளைத் தாண்டாமல், பணம் வர வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள். "90 நாளில் கொடுப்போம்" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் சட்டத்தின் 45 நாள்தான் நிற்கும். வேலையை ஒப்படைத்த 15 நாளுக்குள் அவர்கள் எழுத்தில் ஆட்சேபிக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். ஒப்பந்தத்தை முடித்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து "தரம் சரியில்லை" என்று பில்லை வெட்ட முயலும் நிறுவனங்களுக்கு இந்தச் சின்ன விதி நல்ல பதில்.

தாமதத்துக்கு வட்டி, ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 5.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 16.5 சதவீதம். 1,20,000 ரூபாய் பில் மூன்று மாதம் தாமதமானால் வட்டி ஏறக்குறைய 5,000 ரூபாய். தொகை பெரிதல்ல என்று தோன்றலாம். ஆனால் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டு நிதிப் பிரிவுக்கு அனுப்பினால், மேலாளர் வழியாக நகராத கோப்பு நகரும்.

அப்படியும் நகராவிட்டால் மத்திய அரசின் இணையத் தளம் வழியாகக் குறு, சிறு நிறுவனங்களுக்கான வசதியாக்கக் குழுவில் மனுப் போடலாம். 2017-இல் சமாதான் என்ற பெயரில் இந்த ஏற்பாடு தொடங்கியது. குழு முதலில் சமரசம் பேசும், முடியாவிட்டால் நடுவர் தீர்ப்பு. 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதை நம்பி நாட்காட்டியில் குறித்துவைக்காதீர்கள். தீர்ப்பை எதிர்த்து நிறுவனம் நீதிமன்றம் போனால் தொகையில் 75 சதவீதத்தை முன்பணமாகக் கட்ட வேண்டும். அதனாலேயே பலரும் குழுவின் நோட்டீஸ் வந்ததும் பேச வருகிறார்கள்.

வருமான வரிச் சட்டத்தில் 2023-இல் சேர்ந்த ஒரு விதியும் உங்கள் பக்கம் நிற்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடு தாண்டிப் பாக்கி வைத்தால், அந்தத் தொகையைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். மார்ச் மூன்றாவது வாரத்தில் நிறுவனத்தின் தணிக்கையாளருக்கு இது நினைவிருக்கும். உங்கள் உத்யம் எண்ணை ஒவ்வோர் இன்வாய்ஸிலும் அச்சிட்டு வையுங்கள்.

பில்லே கிடைக்கவில்லை என்று சொன்னால்?

உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைப் பாருங்கள். தொகையை உங்கள் கணக்கில் வரவு வைத்தாலே நிறுவனம் டி.டி.எஸ். (மூலத்திலேயே கழிக்கும் வருமான வரி) பிடிக்க வேண்டும், பணம் கொடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. அந்தப் படிவத்தில் உங்கள் பில் தொகைக்கு டி.டி.எஸ். பதிவாகியிருந்தால், பில் போய்ச் சேர்ந்து கணக்கிலும் ஏறிவிட்டது என்று பொருள். தனியாக நின்று வழக்கை வெல்லும் சான்று அல்ல, பொய்யை நிறுத்தப் போதுமான சான்று.

பணம் தரும் வரை வேலையை ஒப்படைக்காமல் வைத்துக்கொள்ளலாமா?

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியராக இல்லாமல் சுயாதீனமாக எழுதியவருக்கே முதல் உரிமை. எழுத்தில், கையெழுத்துடன் மாற்றிக் கொடுத்தால்தான் அது நிறுவனத்துக்குப் போகும். கட்டணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், வரையச் சொன்ன ஓவியம், திரைப்படம் போன்றவற்றுக்கு விதிவிலக்கு உண்டு. அவை வேறு ஒப்பந்தம் இல்லாதவரை பணம் கொடுத்தவருடையவை.

ஆனால் நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், எல்லா உரிமையும் உருவான கணமே நிறுவனத்துக்கு என்று இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. "முழுப் பணமும் செலுத்திய பின்" என்று இருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. எப்படியிருந்தாலும் சர்வரில் கடவுச்சொல்லை மாற்றுவது, கோப்புகளை அழிப்பது, இணையதளத்தை முடக்குவது வேண்டவே வேண்டாம். அவை தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் குற்றமாகும், பண விவகாரம் போலீஸ் விவகாரமாகிவிடும்.

ஒப்பந்தத்தில் "ஓராண்டுக்குப் போட்டி நிறுவனத்துக்கு வேலை செய்யக்கூடாது" என்று இருக்கிறது. புதுப்பிக்கவும் மாட்டார்கள், வேறு இடத்துக்கும் போகக்கூடாதா?

போகலாம். தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானின் விளம்பர ஒப்பந்தம் இதற்கு நல்ல உதாரணம். 2003-இல் காலம் முடிந்ததும் அவர் வேறொரு நிறுவனத்துக்குப் போனார். வேறு யார் அழைத்தாலும் முதலில் எங்களுக்கே வாய்ப்புத் தர வேண்டும் என்ற விதியைக் காட்டிப் பழைய நிறுவனம் நீதிமன்றம் போனது. ஒப்பந்தக் காலம் முடிந்த பின் இப்படிக் கட்டிப்போட முடியாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ரகசியக் காப்பு விதி மட்டும் காலம் முடிந்த பின்னும் தொடரும்.

ஆண்டுக்கணக்கில் அவர்கள் அலுவலகத்தில், அவர்கள் சொன்ன நேரத்துக்கு, விடுப்புக்கும் அனுமதி கேட்டு வேலை செய்தேன். நான் உண்மையில் ஊழியர்தானே?

இருக்கலாம். தாளில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதோடு நீதிமன்றம் நின்றுவிடுவதில்லை. 1956-இல் தாரங்கதாரா உப்பள வழக்கில், தாங்களே ஆள் வைத்துப் பாத்தி கட்டி உப்பு எடுத்தவர்களையும், நிறுவனத்தின் மேற்பார்வையும் கட்டுப்பாடும் இருந்ததால், தொழிலாளர்களாகவே ஏற்றார்கள். 2020-இல் ஒரு கண் மருத்துவரின் வழக்கில் பல அம்சங்களையும் எடைபோட்டு, அவர் சுயாதீனமாகச் சேவை தந்தவரே என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. யார் கருவி தருகிறார், எப்படி வேலை செய்வது என்று யார் சொல்கிறார், வேறு இடத்திலும் வேலை செய்யலாமா, லாப நஷ்டம் யாருக்கு எனக் கேள்விகள் நீளும். மேலாண்மைப் பொறுப்பும் அதிகக் கட்டணமும் உள்ளவர்கள் ஊழியர் என்று நிரூபித்தாலும் தொழிலாளர் சட்டப் பாதுகாப்பு எல்லாமே கிடைத்துவிடாது. நீண்ட பாதை இது. போவதென்றால் தொழிலாளர் வழக்குகளில் பழகிய வழக்கறிஞரோடு போங்கள்.

மேலாளரின் தவறான அணுகுமுறைக்கு இணங்கவில்லை. அதனால்தான் புதுப்பிப்பு போனது என்று ஒரு பெண் நினைத்தால்?

அது ஒப்பந்த விவகாரத்தைத் தாண்டியது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013 நிரந்தர ஊழியர் அல்லாத பெண்களையும் காக்கிறது. எதிர்கால வேலையைக் காட்டி மிரட்டுவதும் ஆசைகாட்டுவதும் அதில் அடங்கும். நிறுவனத்தின் உள்புகார்க் குழுவில் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று சொல்லிப் புகாரை ஒதுக்க முடியாது.

ஏப்ரல் மாதத்துக்கு முன்கூட்டியே ஜி.எஸ்.டி. இன்வாய்ஸ் போட்டுவிட்டேன். வரி கட்ட வேண்டுமா?

சேவை நடக்கவில்லையென்றால் கிரெடிட் நோட் (பில் தொகையைக் கழித்துக்கொள்ளும் சீட்டு) போட்டு ரிட்டர்னில் காட்டுங்கள். நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை அவகாசம். சேவை நடந்து பணம் மட்டும் வரவில்லையென்றால் வரியை நீங்கள் கட்டித்தான் ஆக வேண்டும், எரிச்சலான விதி இது. வேலையில்லாத மாதங்களிலும் ரிட்டர்ன் போட வேண்டும். விட்டால் தாமதக் கட்டணம் ஏறும். இந்த ஆண்டு வருமானம் குறையும் என்றால் முன்கூட்டிய வருமான வரித் தவணையையும் மறுபடி கணக்கிடுங்கள்.

வழக்குத்தான் என்றால்?

மூன்று ஆண்டுக் காலவரம்பு. ஒப்பந்தத்தில் நடுவர் விதி இருந்தால் முதலில் அந்த வழி. சேவை ஒப்பந்தத் தகராறு மூன்று லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் என்றால் வணிக நீதிமன்றம். அவசர நிவாரணம் தேவைப்படாத வழக்குகளில் அதற்கு முன் மத்தியஸ்தம் கட்டாயம். ஒரு மாத நோட்டீஸ் கட்டணத்துக்காக இவ்வளவும் தேவையா என்பதை உங்கள் கோபம் ஆறிய பிறகு முடிவு செய்யுங்கள்.

வாடிக்கையாளர் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருந்தால்?

எந்த நாட்டுச் சட்டம், எந்த ஊர் நீதிமன்றம் என்ற விதியைப் பாருங்கள். அவர்கள் நாட்டுச் சட்டம் என்றால் மேலே சொன்ன பிரிவுகளில் பெரும்பாலானவை உதவாது. வசதியாக்கக் குழுவாலும் எல்லை தாண்டிப் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. அதனால்தான் வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் மாதக் கடைசியில் பில் போடாமல் முன்பணம் வாங்கி வேலை செய்யச் சொல்கிறேன்.

அதே நிறுவனம் மூன்று மாதம் கழித்து மறுபடி அழைத்தால் போகலாமா?

பழைய பாக்கி தீர்ந்திருந்தால் போகலாம். பட்ஜெட் இறுகுவதும் தளர்வதும் அங்கே வழக்கம், அதில் உங்கள்மீது பகை எதுவும் இல்லை. ஆனால் இம்முறை ஒப்பந்த வரைவு வந்ததும் மூன்று இடங்களில் பேனாவை வையுங்கள். நோட்டீஸ் 30 நாள் என்றால் 60 கேளுங்கள். "புதுப்பிப்பு குறித்த முடிவைக் காலம் முடிவதற்கு 45 நாள் முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காவிட்டால் ஒரு மாதக் கட்டணம் செலுத்த வேண்டும்" என்று ஒரு வரி சேருங்கள். பர்ச்சேஸ் ஆர்டர் எண் கைக்கு வந்த பிறகே வேலை தொடங்கும் என்று எழுதுங்கள். முதல் இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க நேரலாம். மூன்றாவதை விடாதீர்கள்.